பழக்கதானம்

எங்கள் அலுவலகத்தில் முன்னூற்று இருபத்தைந்து பேர் வேலை பார்த்தோம். அதில் உயிரோடு இருந்தது ஏழு பேர். மீதி முன்னூற்றுப் பதினெட்டுப் பேரும் இறந்துபோனவர்கள்.

இதைக் கேட்டால் என் அண்ணி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அப்படிப் பயந்து நடுங்க ஒன்றுமில்லை. திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. நீளமான ஹால், வரிசை வரிசையாகக் கணினித் திரைகள். ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குள் ஒருவர் நாள் முழுக்க இணையத்தில் உலவிக்கொண்டிருப்பார். நாற்காலியில் ஆள் இருக்காது. அம்புக்குறி மட்டும் நகரும், நிற்கும், யோசிக்கும், திரும்பவும் நகரும். சேர்ந்த புதிதில் அந்த வரிசைகளுக்கு நடுவே செருப்புச் சத்தம் கேட்காமல்தான் நடப்பேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

என் பெயர் மங்கையர்க்கரசி. வேலையின் பெயர் பழக்குநர். ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்ததும் கண்தானம் கேட்பார்களே, அதுபோல இப்போது பழக்கதானமும் கேட்கிறார்கள். இறந்தவர் பிரவுசரில் எப்படி உலவினார், எங்கே தயங்கினார், எதைத் தப்பாக அடித்தார், எத்தனை முறை பின்னால் போனார் என்ற பதிவு. பெயர்கள், கடிதங்கள், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் நீக்கிய பிறகுதான் எங்களுக்கு வரும். அந்தப் பதிவை ஒரு கணினியில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாள் முழுக்கக் கைபிடித்து நடத்திவிட வேண்டும். அந்த முதல் நாள் ஆசிரியை நான்.

தானம் கொடுத்த குடும்பத்தார் வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் வந்து பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. யாரும் வருவதில்லை. கொடுத்த கண் யாருக்குப் போயிற்று என்று தேடிப்போகிறவர்கள்கூட இதற்கு வரமாட்டார்கள். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நர்ஸ் உடுப்பில் ஒரு அம்மாள் படியேறி வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பார்வையாளர் நாற்காலியில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம்.

"எம் பேரு ரெஜினா. குழந்தைங்க ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். எம் மகன் ஃபெலிக்ஸ் இங்கதான் இருக்கான். இருநூத்தி ஏழு. ரெண்டு வருஷம் முன்னாடி பைக்ல போய் இறந்துட்டான்."

"உக்காருங்க சிஸ்டர்."

"உக்கார வரல. அவன் இங்க என்ன வேலை பாக்குறான்னு எனக்குத் தெரியணும்."

கோபத்தோடு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டிகளை நகர்த்தி உட்கார வைத்தேன்.

"பிரவுசர்ல ஓட்டை இருக்கும் சிஸ்டர். எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சாலும் எங்கயாவது ஒண்ணு இருக்கும், செஞ்சவங்களுக்கே தெரியாது. அதக் கண்டுபிடிச்சவன் ஒரு பக்கத்துல பொறி வெச்சுடுவான். அந்தப் பக்கத்தத் தொறந்தாலே போதும். எதையும் அமுக்க வேண்டாம், எறக்க வேண்டாம். கம்ப்யூட்டர் அவன் கைக்குப் போயிடும்."

"அது தெரியும். கண்டதத் தொறக்காதீங்கன்னு எங்க வார்டுல போர்டே மாட்டியிருக்கு."

"தொறக்கற பக்கமெல்லாம் நல்ல பக்கமாத்தான் இருக்கும். காய்கறி விலை பாக்கற பக்கத்துலகூட வெப்பான். ஓட்டை எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அடைக்கலாம். அதுக்கு யாராவது போய் மாட்டணும். மாட்டின உடனே எந்த வழியா உள்ள வந்தான்னு பாத்து, பிரவுசர் செய்யறவங்களுக்குச் சொல்லுவோம். அவங்க அடைச்சு எல்லாருக்கும் அப்டேட் அனுப்புவாங்க."

"மாட்றது எம் புள்ள."

"ஆமா."

"அதுக்கு மெஷின் போதாதா?"

"மெஷினத்தான் முதல்ல அனுப்பினாங்க. பாத்த உடனே கண்டுபிடிச்சு விட்டுட்டுப் போயிடறான். மனுஷங்க கை நடுங்கும், படிச்சதையே திரும்பப் படிப்பாங்க, கொட்டாவி விட்டுட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருப்பாங்க. அது மெஷினுக்கு வரல. உயிரோட இருக்கறவங்களத் தூண்டிலா வெக்கக் கூடாதுன்னு சட்டம். அதனாலதான் இவங்க."

அவர் ஹாலைப் பார்த்தார். முன்னூற்றுப் பதினெட்டு அம்புக்குறிகளும் அவரவர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தன.

"மாட்டினதுக்கப்புறம்?"

"தொடச்சுடுவோம். காலைல இருந்த மாதிரியே மறுபடி எழுப்புவோம். அவங்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"முன்னாடி முப்பது, நாப்பது. இப்ப மூணு மாசமா ஒண்ணுகூட இல்ல சிஸ்டர். நெட்டே சுத்தமா இருக்கு." இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. அந்தக் காலாண்டுக்கு எங்களுக்கு ஷீல்டு கொடுத்து, ஆளுக்கு அரைக் கிலோ மைசூர்பாகும் கொடுத்திருந்தார்கள்.

ரெஜினா சிஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சுத்தமா? போன மாசம் எங்க வார்டுல ரெண்டு நாள் ரத்த ரிப்போர்ட் எதுவும் ஸ்கிரீன்ல வரல. அப்புறம் வந்துச்சு, மாறி வந்துச்சு. ஒம்பது மாசக் குழந்தை. எங் கையிலதான் போச்சு. பிரவுசர் வழியாத்தான் எவனோ பூந்திருக்கான்னு எங்க கம்ப்யூட்டர் சார் சொன்னாரு. இல்லவே இல்லைன்னு உங்க கம்பெனி பேப்பர்ல அறிக்கை விட்டீங்க."

அந்த அறிக்கையின் இரண்டாவது பத்தி நான் எழுதியது. எங்கள் தூண்டில்களில் ஒன்றுகூடச் சிக்காததால் பிரவுசரில் ஓட்டை இருக்க வாய்ப்பில்லை என்று எழுதியிருந்தேன்.

"பன்னெண்டு வருஷமா தானம் கேக்கற வேலையும் நாந்தான் பாக்குறேன்" என்றார். "பொணத்துப் பக்கத்துல நின்னுக்கிட்டு, அழுவுறவங்க கிட்ட, கண்ணு குடுங்க, பழக்கம் குடுங்க, நாலு பேருக்கு ஆவும்னு கெஞ்சிக் கெஞ்சி வாங்கியிருக்கேன். எம் புள்ள படுத்திருந்தப்ப அதே ஃபாரத்த எங்கிட்ட நீட்டினாங்க. முடியாதுன்னு சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல. குடுத்தேன். அந்தக் குழந்தைக்கு அது ஆவல. அப்ப எம் மகன் இங்க உக்காந்து என்னதான் பண்றான்?"

எழுந்து அவரை இருநூற்று ஏழுக்குக் கூட்டிப்போனேன்.

ஃபெலிக்ஸ் ஏதோ பைக் உதிரிபாகப் பக்கத்தில் இருந்தான். படிக்கும் இடத்தைச் சுற்றி அம்புக்குறி சின்னச் சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்படித்தான். சாப்பிடறப்பகூட விரலால தட்டச் சுத்திச் சுத்தி வட்டம் போட்டுட்டிருப்பான். கையத் தட்டி விடுவேன்."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். ஒரே சமயத்தில் பதினோரு பக்கங்களைத் திறந்தான். இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக மூடினான். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், சிரிக்கக்கூடச் செய்தார். பன்னிரண்டு மணிக்கு எல்லாத் தூண்டில்களையும் ஒருமுறை அணைத்து எழுப்புவது வழக்கம். திரை அணைந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரை மறுபடி விழித்தது. தேடும் கட்டத்தில் முதல் எழுத்தாக 'உ' வந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு அழிந்தது. ஃபெலிக்ஸ் தன் நாளை ஆரம்பித்தான்.

சிஸ்டரின் பிடி விட்டுப்போயிற்று.

"இது எம் மகன் இல்ல" என்றார். "நாங்க வேதக்காரங்க. எழுத ஆரம்பிச்சா மேல சிலுவை போடுவான். பிள்ளையார் சுழி போட மாட்டான். இது யாரோ போட்டது."

யாரோ என்ன யாரோ. எனக்குக் காது சூடாகிவிட்டது. மளிகைச் சீட்டிலிருந்து விடுப்புக் கடிதம் வரை மேலே உ போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. புதுத் தூண்டிலைப் பழக்கும் முன் தமிழ் விசைப்பலகை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது கை தானாக உ அடிக்கும், உடனே அழித்துவிடுவேன். அடிக்கிறேன் என்ற நினைப்பே இருக்காது. ஆனால் முதல் நாளில் தூண்டில் ஈரச் சிமெண்ட் மாதிரி, கோழி நடந்தாலும் பதியும்.

வரிசை வரிசையாக ஓடினேன். எண் பன்னிரண்டை அணைத்து எழுப்பினேன். உ. நாற்பத்தைந்து. உ. நூற்று முப்பது உறையூரில் லெதர் கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர். உ. அறுபத்தெட்டு வாழ்நாள் முழுக்கக் கறுப்புச் சட்டை போட்டவர், தன் சாவுக்குக்கூட ஒரு சடங்கும் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர். அவரும் பக்தியோடு ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் செய்தி படிக்கப் போனார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மூன்று மாதமாக ஏன் யாரும் சிக்கவில்லை என்பது புரிந்துவிட்டது. எதிரிகள் எங்களைப் போலவே பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவர்கள். காலையில் முதல் எழுத்தாக உ அடிப்பவன் தூண்டில், அவனைத் தொடாதே என்று எப்படியோ கண்டுகொண்டார்கள். என் அண்ணி மாதிரி நிஜமாகவே உ போட்டு ஆரம்பிப்பவர்கள் அவர்கள் அறியாமலேயே தப்பித்திருப்பார்கள். மற்ற எல்லோருக்கும் கதவு திறந்து கிடந்திருக்கிறது. நாங்கள் கதவே இல்லை என்று அறிக்கை விட்டிருக்கிறோம்.

எங்கள் பிரிவுத் தலைவர் தாவூத் சார் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மூலப் பதிவ வெச்சுத் திரும்பப் பழக்கலாமா?"

"முப்பது நாள்ல அழிச்சுடணும்னு சட்டம் சார். அழிச்சாச்சு. பதிஞ்சது பதிஞ்சதுதான். ஒண்ணொண்ணா எடுக்கணும்னா, இது அவரோடது, இது அவரோடது இல்லைன்னு பக்கத்துல இருந்து சொல்ல ஆள் வேணும். அவர நல்லாத் தெரிஞ்ச ஆள்."

"முன்னூத்திப் பதினெட்டுக் குடும்பத்தையும் கூப்பிடணும்."

"முதல்ல ஒருத்தர வெச்சுப் பாக்கலாம். நான் நினைக்கறது சரிதானான்னு தெரியணுமில்ல."

அவர் வெளியே பார்த்தார். ரெஜினா சிஸ்டர் இருநூற்று ஏழின் முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுக் கேளுங்க மங்கை. மறைக்காதீங்க" என்றார்.

மறைக்காமல்தான் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்தக் குழந்தையைப் பற்றிப் பேச்சை எடுக்க முடியாமல் நிறுத்தினேன். அவரே எடுத்தார்.

"இப்ப என்ன செய்யணும்?"

"உங்க மகன்கிட்ட இருக்கற, அவரோடது இல்லாதது எல்லாத்தையும் எடுக்கணும். நீங்க உக்காந்து சொன்னா அஞ்சு நாள்ல முடிச்சுடலாம். ஆனா சிஸ்டர், இந்தச் சுழி இருக்கற வரைக்கும் அவர யாரும் தொட மாட்டாங்க. எடுத்துட்டா மாட்ட ஆரம்பிப்பாரு. மறுபடி முப்பது, நாப்பது. அவரு எவ்வளவுக்கு அவராவே இருக்காரோ, அவ்வளவுக்குச் சீக்கிரமா."

"வலிக்குமா?"

"வலிக்காதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க."

அவர் திரும்பி மகனின் திரையைப் பார்த்தார். அப்புறம், "அந்தக் குழந்தையோட அம்மா இப்பவும் என் வார்டு வாசல்ல வந்து உக்காந்திருக்கா. கேட்டா, சும்மா வந்தேங்கறா" என்றார். "எடுங்க."

அடுத்த ஐந்து நாளும் டியூட்டி முடிந்து இரண்டு மணிக்கு வந்துவிடுவார். எனக்கும் சேர்த்து டப்பாவில் எதையாவது கொண்டுவருவார். வெண்டைக்காய் வறுவல், ஒருநாள் மீன். இருவரும் திரை முன்னால் உட்காருவோம். அம்புக்குறி நகரும். இது அவன், இது அவன், இதுவும் அவன்தான் என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒரு பக்கத்தை முழுசாகப் படிக்காமல் கீழே போய்விட்டு, மனசு கேட்காமல் மேலே வருவான். "பரீட்சைப் பேப்பரையும் இப்படித்தான் படிப்பான். மார்க் எங்கருந்து வரும்" என்று திட்டுவார். திரையைப் பார்த்தே திட்டுவார். எனக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வட்டம் போடும் அம்புக்குறி கண்ணுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதல் நாளே சுழியை எடுத்துவிட்டோம். மூன்றாவது நாள் சரியாக நாலு மணிக்கு ஃபெலிக்ஸ் தஞ்சாவூர் ரயில் நேரத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு மூடினான். மறுபடி திறந்து பார்த்தான்.

சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை.

"இது?" என்றேன்.

"எங்களுக்குத் தஞ்சாவூர்ல யாரும் இல்ல. இதுவும் அவன் இல்ல. எடுத்துடுங்க."

நான் எடுத்தேன். தஞ்சாவூர் ரயிலை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. அது என் கையிலிருந்து வந்திருக்க முடியாது. அன்றைக்கு அதை யோசித்திருக்க வேண்டும். சீக்கிரம் முடிக்க வேண்டும், என் தப்பு சீக்கிரம் அழிய வேண்டும் என்ற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

அந்த ஐந்து நாளும் சேமித்து வைத்த பக்கங்களில் மட்டும் உலவிய ஃபெலிக்ஸைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நிஜ இணையத்தில் விட்டோம். சிஸ்டர் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். பார்க்க வேண்டாம் என்று தாவூத் சார் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. ஃபெலிக்ஸ் பைக் பக்கத்துக்குப் போனான், கால்பந்து ஸ்கோர் பார்த்தான், ஏதோ ஒரு ஹெல்மெட்டைச் சுற்றி வட்டம் போட்டான். பதினோராவது நிமிஷம் அம்புக்குறி நின்றது. பிறகு தானாக, நேர்கோட்டில், மூலைக்குப் போயிற்று. அப்படி ஒரு நேர்கோட்டை அவன் அதுவரை போட்டதே இல்லை.

"யாரு அது?" என்றார் சிஸ்டர்.

"அவன் உள்ள வந்துட்டான்."

எங்கள் ஆட்கள் கத்தினார்கள், கைதட்டினார்கள். மூன்று மாதம் திறந்து கிடந்த ஓட்டை கையில் கிடைத்துவிட்டது. படம் காட்டும் பகுதியில், யாரும் தேடாத ஓர் இடம். நான் துடைக்கும் பொத்தானை அழுத்தினேன். திரை இருண்டு, மறுபடி காலையாக விழித்தது. ஃபெலிக்ஸ் ஒன்றும் நடக்காததுபோல் பைக் பக்கத்துக்குப் போனான். ஏழு நிமிஷத்தில் மறுபடி நேர்கோடு. சிஸ்டர் டீயைக் குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முப்பது மணி நேரத்தில் அப்டேட் எல்லோருக்கும் போயிற்று. உங்கள் கணினியும் ஒருநாள் காலை தானாக அணைந்து எழுந்திருக்கும், நீங்கள் சலித்துக்கொண்டிருப்பீர்கள். அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. மற்றக் குடும்பங்களுக்குத் தபால் அனுப்பினோம், ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. நடந்தது என்ன என்று விரிவாக ஓர் அறிக்கை எழுதச் சொன்னார்கள்.

அந்த அறிக்கைக்காகத்தான் பழக்கிய நாட்களின் பதிவேட்டை எடுத்தேன். முன்னூற்றுப் பதினெட்டு வரிகள், எல்லாவற்றிலும் பழக்கியவர் பெயர் மங்கையர்க்கரசி. ஒரே ஒரு வரியைத் தவிர. இருநூற்று ஏழு வந்த அன்று என் சித்தப்பா காரியத்துக்காக நான் லால்குடி போயிருந்தேன். அன்றைக்குப் பழக்கியவர் தாவூத் சார்.

தாவூத் சார் சுழி போடுகிறவரில்லை.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மற்ற எல்லோரிடமும் இருந்தது என் சுழி. ஃபெலிக்ஸிடம் இருந்தது அவனுடையது. உயிரோடு இருந்தபோது அவனே போட்டது. தஞ்சாவூர் ரயிலும் அவனே பார்த்தது. இறந்துபோன ஒரு பையனிடம் மிச்சம் இருந்ததில் இரண்டை அவன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நான் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். மூன்று மாதம் அவனை யாரும் தொடாமல் காத்ததும் அந்தச் சுழிதான்.

சொல்வதா வேண்டாமா என்று நான்கு நாள் தவித்தேன். ஐந்தாம் நாள் சிஸ்டரே வந்தார். உடுப்பு மாற்றாமல், நடந்தே வந்ததுபோல வேர்த்திருந்தார். நேராக இருநூற்று ஏழுக்குப் போய் நின்றார்.

"இன்னிக்கு எத்தன?"

"பத்தொம்பது."

"மணி மூணுதானே ஆவுது."

"சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சுழி..." என்று ஆரம்பித்தேன். லால்குடியைச் சொன்னேன், பதிவேட்டைச் சொன்னேன், தாவூத் சாரைச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பாத்தப்பவே தெரியும். அது எம் மகனோடதுதான். அந்தப் பொண்ணுகிட்ட இருந்து வந்தது." குரல் தணிந்துபோயிற்று. "அடக்கத்தன்னிக்கு ஒரு பொண்ணு வந்தா. தஞ்சாவூர்லருந்து வர்றேன்னா. அதுக்கு முன்னாடி நான் அவளப் பாத்ததில்ல, அவன் ஒரு வார்த்த சொன்னதில்ல. பெட்டிக்குள்ள வைக்கணும்னு ஒரு கடுதாசி குடுத்தா. பிரிச்சேன். மேல அந்தச் சுழி இருந்துச்சு. எனக்கு என்ன வந்துச்சோ, அதுக்கு மேல படிக்கல. அங்கயே கிழிச்சுட்டேன். வெளிய போன்னுட்டேன். அவ போயிடல. கேட்டுக்கு வெளிய நின்னா, பெட்டியத் தூக்கற வரைக்கும்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

"இங்க வந்து பாத்தா, செத்தும் விடாம அதப் போட்டுட்டு உக்காந்திருக்கான். அம்மா ஞாபகமா ஒரு சிலுவை இல்ல. அவ சுழி இருக்கு. எனக்குப் பொறுக்கல மேடம். எம் புள்ள இல்லைன்னு சொன்னேன். ரயிலு வந்தப்பவும் சொன்னேன். அந்தக் குழந்தைக்காகத்தான் எடுக்கச் சொல்றேன்னு நீங்க நினைச்சீங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன்."

திரையில் அம்புக்குறி மறுபடி நேர்கோட்டில் போயிற்று. நான் அழுத்தவில்லை, பக்கத்து வரிசையிலிருந்த ஆள் பார்த்து அழுத்தினார். இருபது. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அந்த ஓட்டைதான் அடைச்சாச்சே. இன்னும் ஏன்?"

"வேற வேற ஓட்டை வந்துட்டேதான் இருக்கும் சிஸ்டர்."

"அவனோடத அவனுக்குத் திரும்பப் போட முடியுமா?"

"நான் போட்டா அது என் சுழியாத்தான் இருக்கும். எப்ப அடிச்சாரு, எவ்வளவு நேரம் விட்டு வெச்சாரு, ஏன் அழிச்சாரு, எதுவும் எனக்குத் தெரியாது. அவர அப்படிப் பாத்தவங்க வந்து உக்காரணும்." சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "ஆனா சுழி வந்துட்டா அவர யாரும் தொட மாட்டாங்க. மாட்டாத தூண்டில இனிமே மூணு மாசத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுன்னு புது விதி போட்டுட்டாங்க. அழிச்சுடுவாங்க."

"மூணு மாசம் அவன் பாட்டுக்கு இருப்பானா? யாரும் தொடாம?"

"இருப்பாரு."

"போதும்" என்றார். "நான் தஞ்சாவூர் போறேன். அவளக் கூட்டிட்டு வர்றேன். வந்தா உள்ள விடுவீங்களா?"

குடும்பத்தார் மட்டும்தான் பழக்க உட்காரலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு. எடுத்துக் கொடுத்தேன். மேசையில் வைத்து, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஆட்கள் எழுதும் வேகத்தில் எழுத ஆரம்பித்தார். இறந்தவர் பெயர், எண், தேதி. வருபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். மனைவி என்று எழுதினார். அழுத்தி, தெளிவாக எழுதினார்.

அடுத்த கட்டம் வருபவரின் பெயர். பேனா அங்கே போய் நின்றது. நான் காத்திருந்தேன். அவர் பேனாவை எடுக்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

"அவ பேரு என்னன்னு நான் கேக்கவே இல்ல மேடம்" என்றார்.